கிழ ஜீப்பின் புனர்ஜன்மம்

போடிநாயக்கனூரில் நமது அண்ணியார் வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்ப மரம் இருக்கிறது. அந்த வேப்ப மரத்தடியில் ஆறு வருஷ காலமாக ஒரு ஜீப் வண்டி யோக நிஷ்டையில் அமர்ந்திருந்தது. அதன் பின் ஆசனத்தில் ஒரு கோழி குடும்பம் நடத்தி வந்தது. டயர்கள் நான்கும் காற்றிழந்து, தரையோடு தரையாக ஒட்டிக் கொண்டிருந்தன. மழைக்காலத்தில் வண்டியின் தளத்தில் தண்ணீர் தேங்கும். வெயில் காலத்தில் அதே தளத்திலிருந்து துருப் பொடி உதிரும்.

காலஞ்சென்ற நமது தமையனார் அந்த வண்டியில்தான் போடி மெட்டுக்கு மேலே உள்ள தம்முடைய சிறிய ஏலத் தோட்டத்துக்குப் போய் வருவது வழக்கம். அவர் போன பிறகு அண்ணியார் வாடகை ஜீப்பில் போய் வந்தார்கள். ஏலக்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஜீப் வாடகை மட்டும் இறங்குவதில்லை. மருந்துக்கும் உரத்துக்கும் கூலிக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில் பெரும் பங்கு வாடகைக்கே போய்விட்டது. "தோட்டத்தை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன், தம்பி" என்று அண்ணியார் ஒரு நாள் சொன்னபோதுதான், வேப்ப மரத்தடி வண்டியை நாம் முதன் முதலாகக் கவனித்துப் பார்த்தோம்.

காயலான் கடைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அது மட்டுமல்ல; வண்டியின் பதிவுப் பத்திரம் காலாவதியாவதற்கு இன்னும் எட்டே மாதங்கள் இருந்தன. அதற்குள் வண்டி தன் சொந்தக் காலில் நடந்து போய்ப் பரிசோதனையில் தேறினால், இன்னும் ஐந்து வருஷம் ஆயுள் கிடைக்கும். தேறாவிட்டால் எடைக் கணக்குத்தான்.

அண்ணியாரிடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் ஒன்றரை லட்சம் ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு தம்பிடி இல்லை. இந்த விஷயத்தை நேயர்கள் நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பழைய வண்டியைப் புதுப்பிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் அநேகம் பேர். கையில் உள்ள பணத்துக்குள் புதுப்பிப்பது எப்படி என்பதுதான் குடும்பஸ்தர்களுக்கு வேண்டிய வித்தை.

வண்டியின் வம்சாவளி

கிழவர் என்றாலும் நமது கதாநாயகர் பெரிய இடத்துப் பிள்ளை. அவருடைய குலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போவது மரியாதையாகாது.

1940-ஆம் வருஷத்தில், ஐரோப்பிய யுத்தம் மும்முரமாக நடந்து கொண்டிருந்த சமயம், அமெரிக்க ராணுவத்தார் நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் ஓர் இலேசான வண்டி வேண்டும் என்றும், முதல் மாதிரியை 49 நாட்களில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். பெரிய கம்பெனிகள் தயங்கிய இடத்தில், பென்ஸில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சின்னஞ்சிறு கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற நிபுணர் சில நாட்களுக்குள் வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதியன்று, கெடு தவறாமல், வண்டி ராணுவத்தார் முன்னால் வந்து நின்றது.

உழைத்தவன் ஒருவன், பலனடைந்தவன் இன்னொருவன் என்பது உலக வழக்கந்தானே? ஆயிரக் கணக்கில் உற்பத்தி செய்யப் பாண்டம் கம்பெனிக்குச் சக்தி போதாது என்று எண்ணிய ராணுவத்தார், வில்லிஸ் கம்பெனிக்கும் போர்டு கம்பெனிக்கும் பெரிய ஆர்டர்களைக் கொடுத்துவிட்டார்கள். யுத்தம் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் சுமார் ஆறு லட்சத்து நாற்பதினாயிரம் ஜீப்புகளைச் செய்து குவித்தன. 60 குதிரைச் சக்தி, 80 அங்குலச் சக்கர இடைவெளி, ஆறு வோல்ட் மின்சாரம் - இவ்வளவுதான் அந்த வண்டியின் சொத்து. ஆனால் சேற்றிலும் மணலிலும் மலையிலும் அது போகாத இடமில்லை.

நம் தேசத்தில் ஜீப் குடியேறிய கதையில் ஒரு சரித்திரக் குறும்பு இருக்கிறது. 1945-ஆம் வருஷத்தில் மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மலிக் குலாம் முகம்மது என்பவரும் சேர்ந்து 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1947-ல் தேசம் சுதந்திரம் அடைந்தது. கூடவே பிளவும் அடைந்தது. முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார்; 1951-ல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே கம்பெனியின் பெயர் 1948-ல் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' என்று மாறியது. முதலெழுத்துக்களை மாற்ற வேண்டிய சிரமம் ஏற்படவில்லை என்பது ஒரு சௌகரியம். அந்தக் கம்பெனிதான் வில்லிஸ் ஜீப்புகளை முதலில் இங்கே பூட்டி விற்றது. பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்யவும் ஆரம்பித்தது.

நமது அண்ணியார் வீட்டு வண்டி அந்த வம்சத்தில் சி. ஜே. 3-பி என்னும் கிளையைச் சேர்ந்தது. 1953-ல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த ஜாதிக்கு நெற்றி கொஞ்சம் உயரம். காரணம், உள்ளே குதித்த புது என்ஜினின் உயரம். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் வால்வுகள் தலைக்கு மேலும், புகையை வெளியே தள்ளும் வால்வுகள் பக்கவாட்டிலும் உள்ள விசித்திர அமைப்பு அது. அமெரிக்காவில் அந்த வண்டி 1968-உடன் மறைந்து போயிற்று. நம் நாட்டிலோ அதற்குப் பிறகும் நெடுங்காலம் பிறந்து கொண்டேயிருந்தது.

தட்டிப் பார்த்தல்

வண்டியைப் பரிசோதிக்க ஒரு வயதான மேஸ்திரியை அழைத்து வந்தோம். மலை ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர். கோழியை விரட்டிவிட்டு, என்ஜினைத் திறப்பார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ ஒரு சாக்கை விரித்துக் கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். கையில் ஒரு சின்னச் சுத்தியல்.

"மேஸ்திரி, என்ஜின் மேலே அல்லவா இருக்கிறது?" என்றோம்.

"என்ஜின் கெட்டுப் போனால் மாற்றலாம், ஐயா! முதுகெலும்பு முறிந்து போனால் என்ன செய்வது?" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

வண்டியின் நீளத்துக்கு ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கொண்டே போனார். நல்ல இரும்பு 'கணீர்' என்றது. துருவேறிய இடம் 'பொத்'தென்றது. 'பொத்' என்ற இடங்களிலெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டார். மொத்தம் ஐந்து இடங்கள். "ஐந்தும் ஒட்டுப் போடக் கூடியவை. பிழைத்தோம்" என்றார்.

பிறகுதான் என்ஜின். பேட்டரியைக் கடன் வாங்கி என்ஜினைச் சுழலவிட்டு, நாலு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்தார். மூன்று ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. நான்காவது அதில் பாதி கூடக் காட்டவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பட்டறைக்காரர், "முழுக்க அவிழ்த்து, ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு, மறுபடியும் அளந்தார். அளவு ஏறவில்லை.

நேயர்களுக்கு உபயோகப்படும் என்பதால் இந்தச் சூட்சுமத்தை விளக்குகிறோம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், ஊற்றிய எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏறாவிட்டால் குற்றம் பெரும்பாலும் வால்விலோ, மேல் மூடியின் இடையிலுள்ள அட்டையிலோ இருக்கும். நமது வண்டியில் புகை வால்வு ஒன்றின் விளிம்பு தீய்ந்து போயிருந்தது. ஒரு கரண்டி எண்ணெய் பெரும் பணத்தை மிச்சப்படுத்திற்று என்று சொன்னால் மிகையாகாது. முதலில் நோய் என்னவென்று அறியாமல் மருந்து வாங்கப் புறப்படுவதுதான் பழைய வண்டிக்காரர்களை ஓட்டாண்டியாக்கும் வழி.

அண்ணன் மகனின் லட்சியங்கள்

இதற்கிடையில் காலேஜில் படிக்கும் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்து சேர்ந்தான். வண்டி உயிர் பெறப் போகிறது என்று கேட்டதும் அவனுக்கு ஏற்பட்ட உற்சாகத்துக்கு அளவில்லை. அன்றிரவே ஒரு பட்டியல் தயாரித்துவிட்டான். 31 அங்குல டயர்கள், வண்டியை உயர்த்தும் புது ஸ்பிரிங்குகள், கூரை மேல் விளக்கு வரிசை, முன்னால் ஒரு பெரிய இரும்புத் தடுப்பு, பெட்ரோல் என்ஜினுக்குப் பதிலாக வேறொரு டீசல் என்ஜின், எல்லாவற்றுக்கும் மேலாக ராணுவப் பச்சை நிறம்!

"சித்தப்பா, ஹரியானாவில் மண்டி தப்வாலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பழைய ஜீப்பைக் கொடுத்தால் ராஜகுமாரன் மாதிரி ஜோடித்துக் கொடுப்பார்கள்!" என்றான்.

வாஸ்தவந்தான். யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் ஆரம்பித்து, அந்த ஊரில் ஜீப் கட்டும் தொழில் ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழிலாளிகளின் கைத்திறனை நாம் குறைத்துச் சொல்லத் துணியோம். ஆனால் அண்ணியாரின் ஒன்றரை லட்சம் நம் கண் முன்னால் நின்றது. ஆகவே பையனை உட்கார வைத்து, காகிதமும் பென்சிலும் கொடுத்து, கணக்குப் போடச் சொன்னோம்.

"வண்டியின் பழைய டயர் என்ன உயரம்?"

"சுமார் 28 அங்குலம்."

"31-ஐ 28-ஆல் வகுத்துப் பார்."

நூற்றுக்குப் பதினொன்று வீதம் கூடுதல் என்று வந்தது. அதாவது வேகமானி 50 மைல் என்று காட்டும்போது வண்டி 55 மைல் வேகத்தில் ஓடும். ஏற்றத்தில் என்ஜினுக்கு இழுக்கும் பலம் அந்த அளவுக்குக் குறையும். இறக்கத்தில் பிரேக்குக்குப் பிடிக்க வேண்டிய பாரம் அந்த அளவுக்குக் கூடும். டயர் பெரிதானால் அச்சும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் எல்லாமே பெரிதாக வேண்டும். ஒன்றை மாற்றப் போய் ஒன்பதை மாற்ற வேண்டி வரும்.

அடுத்தது சட்டம். கம்பெனியார் குறிப்பிட்டபடி உள்ள வண்டியின் முக்கிய அமைப்புகளை அவரவர் இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்திருக்கிறது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், சொந்தக்காரர் செய்யும் ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரையில் சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்க இடம் தந்திருக்கிறது. பதிவுப் பத்திரத்தைப் புதுப்பிக்கப் போகிற வண்டியில் வேறு என்ஜினைப் பொருத்துவது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக் கொள்வதேயாகும்.

"நிறம் மட்டுமாவது?" என்றான் பையன், குரல் தழதழக்க.

ராணுவப் பச்சையை ராணுவ இலாகா வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் பூசக் கூடாது என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே கண்டிருக்கிறது என்று சொன்னோம். பையனுடைய முகம் வேப்ப மரத்தடி டயரைப் போல் ஆகிவிட்டது. நமக்கே பரிதாபமாயிருந்தது. பத்திரத்தில் எழுதியிருந்த சாம்பல் நிறத்தையே, அவனுடைய கையாலேயே பூசுவது என்று சமாதானம் ஏற்பட்டது.

வரவு செலவு

என்ஜினுக்கு 42,000, சட்டத்துக்கும் தளத்துக்கும் ஒட்டுப் போட்ட டிங்கர் வேலைக்கு 26,000, நாலு டயர்களுக்கு 24,000, ஸ்டியரிங், ஸ்பிரிங் பட்டைகள், புஷ்கள் வகையில் 19,000, பிரேக்குக்கு 15,500, பேட்டரிக்கும் புது ஒயர்களுக்கும் 14,000. ஆக மொத்தம் 1,40,500. பாக்கி 9,500-ல் மேல் துணியும் பெயிண்டும் ஆசனத் தையலும் முடிந்தன.

எதைப் பழையதாக வாங்கலாம், எதைப் புதியதாகவே வாங்க வேண்டும் என்பதில் மேஸ்திரி ஒரு சூத்திரம் வைத்திருந்தார். "உடைந்தால் வண்டி நிற்கும் என்கிற சாமானைப் பழையதாக வாங்கலாம். உடைந்தால் வண்டி நிற்காது என்கிற சாமானைப் புதியதாகத்தான் வாங்க வேண்டும்." இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல யாராலும் முடியாது. டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்குக் கூடு, கதவுக் கொக்கி எல்லாம் சென்னைப் புதுப்பேட்டையிலும் கோயமுத்தூர் உக்கடத்திலும் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி வாங்கினோம். பிரேக் சிலிண்டர்களையும் ஸ்டியரிங் மூட்டுக்களையும் புதியதாகவே வாங்கினோம்.

இவ்விடத்தில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக் கொள்ள வேண்டும். பிரேக் எண்ணெய் ஓடும் இரும்புக் குழாய்களையும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். அதற்கு 2,500 ரூபாய் ஆகும். குழாய்கள் வெளிப் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மேல் துணிக்கோ பணம் குறைந்தது. "இன்னும் ஒரு வருஷம் ஓடட்டுமே!" என்று சொல்லிவிட்டோம். மேஸ்திரி நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கள் இஷ்டம், ஐயா" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளின் பொருள் அப்போது நமக்கு விளங்கவில்லை.

மலையில் நடந்தது

பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில், அண்ணியாரையும் ஏற்றிக் கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டோம். போடி மெட்டுக்குப் போகும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கிழவர் முனகாமல் ஏறினார். தோட்டத்தில் அண்ணியார் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக் கொண்டு நடந்ததைக் கண்டபோது, செலவழித்த பணமெல்லாம் வரவு வந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றியது.

திரும்பும்போது தோட்டத்து மண் பாதையில் இறங்கினோம். பையன்தான் ஓட்டினான். மேஸ்திரி புறப்படும்போதே அவனிடம், "தம்பி, எந்தக் கியரில் ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. நாலு சக்கரப் பல்லையும் சின்னப் பல்லையும் மேலேயே போட்டுவிடு. பாதி வழியில் தேடாதே!" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையன் அப்படியே செய்தான்.

ஒரு திருப்பத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். மிதி பலகை தரையைத் தொட்டது. மறுபடியும் மிதித்தான். மறுபடியும் தரை. "சித்தப்பா, பிரேக் இல்லை!" என்றான். இடது பக்கம் மலைச் சுவர். வலது பக்கம் பாதாளம். அண்ணியார் ஒன்றும் சொல்லாமல் முன் கம்பியை இறுகப் பற்றிக் கொண்டார்கள்.

வண்டி பாய்ந்துவிடவில்லை. இரண்டாவது கியரும் சின்னப் பல்லும் சேர்ந்த நிலையில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டுமானால் என்ஜின் ஏறக்குறைய இருபது சுற்றுச் சுற்றியாக வேண்டும். அந்த என்ஜினே வண்டியைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டிருந்தது. கை பிரேக்கோ, இந்த வண்டியில் சக்கரத்தில் இல்லாமல் பின் அச்சுக்குப் போகும் தண்டின் மேல் இருக்கிறது. எண்ணெய்க் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பையன் அதை இழுத்துக் கொண்டே வண்டியை மலைச் சுவரோடு உரசவிட்டான். முன் பக்க மட்கார்டு நசுங்கிற்று, விளக்கு ஒன்று உடைந்தது, வண்டி நின்றது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

இறங்கிப் பார்த்தோம். சட்டத்தோடு குழாயை அணைத்துப் பிடிக்கும் தகட்டின் கீழே, வெளியே தெரியாத இடத்தில், குழாய் துருவேறி வெடித்திருந்தது. பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஆறு வருஷம் சும்மா நின்ற வண்டியில் அந்த ஈரம் உள்ளிருந்து அரித்தது. மழை நீர் வெளியிலிருந்து அரித்தது. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரங்களுக்கும் எண்ணெய் அனுப்புவது ஒரே ஓர் அறை. எங்கே ஒரு பொத்தல் விழுந்தாலும் நாலு பிரேக்கும் போய்விடும்.

"யார் மேல் தப்பு?" என்று பையன் கேட்டான். நம் மேல்தான் என்று சொன்னோம். அண்ணியார் மட்டும், "அவர் ஓட்டும்போதும் இப்படித்தான், கீழ்க் கியரில் மெதுவாகவே இறங்குவார்" என்றார்கள். அதற்கு மேல் அவர்கள் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

புதுக் குழாய்களுக்கு 2,500 ரூபாய். மட்கார்டுக்கும் விளக்குக்கும் 3,500 ரூபாய். இந்த ஆறாயிரத்தையும் நாமே கைப்பணத்திலிருந்து கொடுத்தோம். அண்ணியாரின் கணக்கில் அதைச் சேர்க்க நமக்கு மனம் துணியவில்லை. குழாயை மாற்ற வந்த மேஸ்திரி, பழைய குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, எண்ணெயைத் துடைத்து, நம் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தத் துண்டு இப்போது நமது எழுது மேஜையின் மேல் இருக்கிறது.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்பது இப்போதுதான் தெரிந்தது. ரீபோர் வேண்டாம் என்று ஒரு கரண்டி எண்ணெயால் கண்டுபிடித்தது சிக்கனம். பெரிய டயர் வேண்டாம் என்று கணக்குப் போட்டுத் தள்ளியது சிக்கனம். பார்வைக்கு நன்றாயிருக்கிறதே என்று பழைய குழாயை விட்டு வைத்தது கஞ்சத்தனம். முன்னவை இரண்டும் ஆராய்ந்து பார்த்த பிறகு செய்தவை. பின்னது ஆராயாமல் செய்தது.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் நம் வீட்டிலும் நாலு பேர் இருப்பார்கள். முதலில் சட்டம், பிறகு பிரேக், பிறகு ஸ்டியரிங், அதன் பிறகு என்ஜின், கடைசியில் பெயிண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வண்டி அழகாயிருக்கும். வீட்டிலுள்ளவர்கள்தான் கதி கலங்கிக் காத்திருக்க வேண்டும்.

பரிசோதனையில் கிழவர் தேறிவிட்டார். ஐந்து வருஷம் ஆயுள் கிடைத்திருக்கிறது. தோட்டத்தை விற்கும் பேச்சு இப்போது இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை வண்டி மலை ஏறுகிறது. மேஸ்திரியின் மகன் ஓட்டுகிறான். பையன் பூசிய சாம்பல் வர்ணத்தில் தூரிகைக் கோடுகள் தெரிகின்றன; அண்ணியார் அவற்றை அழிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

வேப்ப மரத்தடியில் இப்போது வீடிழந்து நிற்பது அந்தக் கோழி ஒன்றுதான். அதற்கு ஒரு கூடை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். புதிய கூடைதான்!